தேர்வு எழுதிக் கொடுக்க ஆள் வேண்டும்

ஆசிரியருக்கு வணக்கம்.

செமஸ்டர் தேர்வு நெருங்குகிறது. திருச்சியில் பார்வையற்ற கல்லூரி மாணவர்கள் ஸ்கிரைப் கிடைப்பாரா என்று தெரிந்தவர்களுக்கெல்லாம் ஃபோன் போட்டுக்கொண்டிருக்கிறார்கள். அவர்கள் சொல்லச் சொல்ல விடைத்தாளில் எழுதிக் கொடுப்பவர்தான் ஸ்கிரைப். பள்ளிப் பொதுத்தேர்வு என்றால் தேர்வுத்துறையே ஆசிரியர்களை ஏற்பாடு செய்துவிடும். கல்லூரியில் பெரும்பாலும் மாணவரே ஆள் பிடிக்க வேண்டியிருக்கிறது. உட்கார்ந்து படிக்க வேண்டிய வாரத்தில் ஆள் தேடி அலைய வைப்பது என்ன நியாயம்?

சில வருடங்களாக நான் இதைச் செய்கிறேன். பிளஸ் டூ முடித்ததும் கல்யாணம், அதோடு படிப்பு நின்றது. மாணவர் தானே அழைத்து வரும் ஸ்கிரைப், தேர்வு எழுதுபவரைவிட ஒரு படி குறைவாகப் படித்திருக்க வேண்டும் என்று 2018இல் மத்திய அரசு வெளியிட்ட வழிகாட்டுதல் சொன்னது. பி.ஏ. மாணவிக்கு என் பிளஸ் டூ சரியாகப் பொருந்தியது. பீரோவில் கிடந்த அந்தச் சர்டிபிகேட்டுக்கு இப்படி ஒரு வேலை இருக்கும் என்று நான் நினைத்ததே இல்லை.

வெறுமனே எழுதுவதுதானே என்று தோன்றும். அப்படி இல்லை. "முதல்ல எல்லாக் கேள்வியையும் ஒரு தடவை படிங்கக்கா" என்பாள் மாணவி. படித்து முடித்ததும் எதை முதலில் எழுதுவது என்று அவளே முடிவு செய்வாள், தலைப்பு, அடிக்கோடு, எங்கே பத்தி பிரிப்பது எல்லாம் அவள் சொல்வதுதான். பிளாசிப் போர் 1764 என்று சொன்னால், 1757 என்று எனக்குத் தெரிந்தாலும் 1764 என்றுதான் எழுத வேண்டும். கை பரபரக்கும், முகத்தில் காட்டினால்கூட அவளுக்குத் தெரியாதுதான், ஆனால் குரல் மாறினால் சட்டென்று பிடித்துவிடுவாள், அதனால் பேசாமல் எழுதுவேன். கடைசியில் ஒரு முறை வாசித்துக் காட்டும்போது அவளே நிறுத்தி, "அது பக்ஸார் போர் நடந்த வருஷம்க்கா, மாத்திடுங்க" என்பாள் பாருங்கள், அன்று முழுக்க எனக்கு மனசு நிறைந்திருக்கும். மூன்று மணி நேரத் தேர்வுக்கு ஒரு மணி நேரம் கூடுதலாகக் கிடைக்கும் என்பதால் இதற்கெல்லாம் நேரம் இருக்கும்.

ஒத்துக்கொண்ட ஸ்கிரைப் முந்தின நாள் சாயங்காலம் வரமுடியாது என்று சொல்லிவிட்டால் அந்தப் பிள்ளை என்ன செய்யும்? ஸ்கிரைப்களின் பட்டியலை முன்கூட்டியே தயாரிக்கலாம், தேர்வுக்கு இரண்டு நாள் முன்பே மாணவர் அவரைச் சந்திக்கலாம் என்றும் அதே வழிகாட்டுதலில் இருந்தது. ஒவ்வொரு கல்லூரியும் அப்படி ஒரு பட்டியலைக் கையில் வைத்திருக்க வேண்டும்.

என்னைப் போலப் படிப்பு பாதியில் நின்ற பெண்கள் தெருவுக்குத் தெரு இருக்கிறார்கள். பக்கத்துக் கல்லூரியின் தேர்வுப் பிரிவில் போய்ப் பெயர் கொடுங்கள். தெளிவான கையெழுத்தும், சான்றிதழ் நகலும், வேலைநாளில் அரை நாள் ஒதுக்க முடிவதும் இருந்தால் போதும். வருகிறேன் என்று சொல்லிவிட்டால் மட்டும் கட்டாயம் போய்விடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி, திருச்சி