ஆண்டறிக்கை 2024-25: பழைய இரும்பும் பாக்கிச் சந்தாவும்

நம் சங்கத் தலைவர் அவர்களுக்கும் நேரில் வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம். வராதவர்களுக்கு இதை வாட்ஸ்அப்பில் போட்டுவிடுகிறேன், படிப்பார்களா என்பது வேறு விஷயம்.

வழக்கமான நிகழ்ச்சிகளை முதலில் முடித்துவிடலாம். பொங்கல் கோலப் போட்டி நடந்தது. மாணவர் ஓவியப் போட்டியும் நடந்தது, பரிசு கொடுத்தோம். செயற்குழு கூட வேண்டிய மாதங்களில் கூடியது, அதில் பாதி நாட்கள் கோரம் இல்லாமல் டீ குடித்துவிட்டுக் கலைந்தோம்.

அப்புறம் பழைய இரும்புச் சாமான்களில் நாம் செய்துகொண்டிருக்கும் சிற்பம். "செயலாளரின் காயலான் கடை" என்று குரூப்பில் சிலர் எழுதியிருப்பதால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

பழைய பொருட்களில் சிற்பம் செய்வது நான் கண்டுபிடித்த பைத்தியம் இல்லை. சண்டிகரில் நெக் சந்த் பொதுப்பணித்துறையில் சாலை ஆய்வாளராக இருந்தவர். புது நகரத்துக்காக இடித்த கிராமங்களில் கிடந்த உடைந்த வளையல், பீங்கான், மின்சாரச் சாமான் என்று பொறுக்கி வந்து, 1950களின் கடைசியிலிருந்து யாருக்கும் தெரியாமல் அரசு நிலத்துக் காட்டுக்குள் சிலைகளாகச் செய்து நிறுத்திக்கொண்டே இருந்தார். விஷயம் வெளியே தெரிந்தபோது சட்டப்படி இடித்திருக்க வேண்டும், ஆனால் 1976இல் அதையே பொதுமக்களுக்குத் திறந்துவிட்டு அவருக்குச் சம்பளமும் 50 ஆட்களும் கொடுத்தார்கள். 1984இல் பத்மஸ்ரீயும் வந்தது. நான் 50 பேர் கேட்கவில்லை, ஞாயிற்றுக்கிழமை காலையில் ஐந்து பேர் கேட்டேன்.

சிற்பி எல் அனட்சுயி பற்றிப் படம் போட்டுப் பேசிய கூட்டத்துக்கு வந்தவர்களுக்கு நினைவிருக்கும். கானாவில் பிறந்து நைஜீரியாவின் என்சுக்காவில் பேராசிரியராக இருந்தவர். மதுபாட்டில்களின் அலுமினிய மூடிகளைத் தட்டி, மடக்கி, செம்புக் கம்பியால் ஒன்றோடொன்று கோத்து, சுவரளவுக்குத் தொங்கவிடுகிறார், தூரத்திலிருந்து பார்த்தால் ஜரிகைத் துணிதான். 2015இல் வெனிஸ் பினாலே கலைக் கண்காட்சியில் வாழ்நாள் சாதனைக்கான தங்கச் சிங்கம் கொடுத்தார்கள். "அப்போ டாஸ்மாக் வாசலில் பொறுக்கலாம்" என்று பின்வரிசையில் சிரித்தார்கள். ஐரோப்பியர்கள் ஆப்பிரிக்காவுக்குக் கொண்டுவந்து பண்டமாற்று செய்த சரக்குகளில் மதுவும் ஒன்று, அந்த வரலாறு மூடியிலேயே இருப்பதால்தான் அவர் அதை எடுத்தார் என்று சொல்வதற்குள் பாதிப் பேர் டிபனுக்குப் போய்விட்டார்கள்.

நாம் என்ன செய்வது என்பதில்தான் தகராறு. பெரும்பாலோர் மயில் கேட்டார்கள். எந்த ஊர் ரவுண்டானாவிலும் இரும்பு மயில் நிற்கிறது சாமி! டெல்லியில் 2019இல் திறந்த பூங்காவில் சுமார் 150 டன் கழிவு இரும்பை வைத்துத் தாஜ்மகாலும் ஈபிள் கோபுரமும் செய்திருக்கிறார்கள், உழைப்பு பெரிதுதான், ஆனால் அந்த இரும்பு அதற்கு முன் என்னவாக இருந்தது என்று அங்கே யாரும் யோசிக்கப் போவதில்லை. நம் கோவையில் மூடிய மில்களில் நூல் சுற்றிய பாபினும் கதிரும் எடைக்குப் போய்க்கொண்டிருக்கும்போது மயில் எதற்கு? பாபின், கதிர், பல்சக்கரம், பம்புக்குள் சுழன்று தேய்ந்துபோன இம்பெல்லர் இவற்றைக் கொண்டு ஷிப்ட் முடிந்து நிற்கும் மில் தொழிலாளிப் பெண் ஒருத்தி என்றேன். ஒரு ஓட்டு வித்தியாசத்தில் தீர்மானம் நிறைவேறியது. தோற்றவர்கள் அதற்குப் பிறகு பட்டறைப் பக்கமே வரவில்லை.

ஏன் இவ்வளவு தாமதம் என்று கேட்பவர்களுக்கு: இரும்பும் எவர்சில்வரும் சாதாரண வெல்டிங் ராடில் சரியாகப் பிடிக்காது, அலுமினியம் இரும்போடு சேரவே சேராது, போல்ட் போட்டுத்தான் முடுக்க வேண்டும். துத்தநாகம் பூசிய ஜிஐ பைப்பில் பற்றவைத்தால் துத்தநாகப் புகை நெஞ்சைப் பிடிக்கும், முதலில் பூச்சைத் தேய்த்து எடுக்க வேண்டும். துருவைச் சுரண்டி ரெட் ஆக்சைடு பெயிண்ட் அடிப்பதற்கு வெல்டர் தேவையில்லை, கை இருந்தால் போதும். அந்தக் கைகள்தான் வரவில்லை. நம் மில் பெண் இடுப்புவரை எழும்பியிருக்கிறாள், மீதி எல்லாம் சாக்கு மூட்டையாக என் வீட்டுக் கார் ஷெட்டில் கிடக்கிறது, கார் வெயிலில் நிற்கிறது.

வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். சுருக்கமாக, கையிருப்பு போன ஆண்டைவிடக் குறைவு, கடன் என்று சொல்லும்படி பெரிதாக இல்லை. குறைந்ததற்குக் காரணம் வெல்டிங் ராடு என்று பேச்சு ஓடுகிறது. ராடு விலை எனக்கும் தெரியும். உறுப்பினர்களில் பாதிக்கு மேல் சந்தா கட்டவில்லை, சிலர் போன ஆண்டுப் பாக்கியும் சேர்த்து. பெயர் வாசிக்க மாட்டேன், முன்வரிசையிலும் இருக்கிறார்கள்.

மண்டபம் கொடுத்தவருக்கும், எடை விலைக்கே பாபின் தந்த பழைய இரும்புக் கடைக்காரருக்கும், கூலியைப் பாதியாகக் குறைத்துக்கொண்ட வெல்டருக்கும், தலைவருக்கும், செயற்குழுவுக்கும் நன்றி.

அடுத்த ஆண்டு செயலாளர் பொறுப்பை யாராவது ஏற்க விரும்பினால் நான் குறுக்கே நிற்க மாட்டேன், மூட்டைகளையும் சேர்த்து அவர் வீட்டுக்கு வண்டி பிடித்து அனுப்பிவிடுகிறேன். அப்படி யாரும் இல்லையென்றால் மும்முனை மின்சாரம் உள்ள ஒரு காலி ஷெட்டாவது வேண்டும். நம்மில் இரண்டு பேரிடம் அப்படி ஷெட் பூட்டிக் கிடக்கிறது என்பது அவர்களுக்கே தெரியும். பொருளாளர் ரசீதுப் புத்தகத்தோடு வாசலில்தான் உட்கார்ந்திருக்கிறார், ஜிபேயும் வாங்குவார்.

இப்படிக்கு,
செயலாளர்