கியர் பாக்ஸை இறக்கி ஏற்றிய கதை

கோத்தகிரி

அன்பு மாப்பிள்ளை,

தங்கச்சிக்கு முழங்கால் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று எழுதியிருந்தாய். படித்ததும் மனசு லேசானது. உடனே பதில் போட முடியவில்லை. இங்கே ஐப்பசி மழை விடாமல் கொட்டுகிறது. அந்த மழையோடு ஷெட்டில் ஜீப்பின் கியர் பாக்ஸைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

கல்லட்டி இறக்கம் உனக்கு மறந்திருக்காது. 36 கொண்டை ஊசி வளைவுக்கும் நீ கியர் லீவரை முன்னால் தள்ளிப் பிடித்தபடியே வந்தாய். இரண்டாவது கியர் தானாகக் கழன்று நியூட்ரலில் விழுந்தால் இன்ஜின் பிடிப்பு போய்விடும்; அப்புறம் பிரேக்தான் கதி. நாலு சக்கரத்திலும் டிரம் பிரேக். சூடேறினால் அதுவும் கைவிட்டுவிடும். அந்தப் பயம் இத்தனை வருஷம் எனக்குள்ளேயே இருந்தது.

போன வருஷம் ஒரு பட்டறையில் கியரை இடத்தில் பிடித்து நிறுத்தும் பந்தும் ஸ்பிரிங்கும் இரண்டு முறை மாற்றினார்கள். ஒரு மாதம் நின்றது, மறுபடி விழுந்தது. சரி, நாமே பார்த்துவிடலாம் என்று நானும் பையனும் தரைத் தகட்டைக் கழற்றி, முன் பின் சக்கரங்களுக்கு இழுவையைப் பிரித்துக் கொடுக்கும் ட்ரான்ஸ்ஃபர் கேஸோடு சேர்த்தே கியர் பாக்ஸை இறக்கினோம். ஆயிலை வடித்தால் அடியில் பித்தளைத் தூள் மின்னுகிறது. கியர் மாறும்போது வேகத்தைச் சமப்படுத்தும் பித்தளை வளையமான சிங்க்ரோ ரிங் அந்த அளவுக்குக் கரைந்திருக்கிறது. கியரோடு கோத்துக்கொள்ளும் ஸ்லீவின் பற்களை விரலால் தடவிப் பார்த்தேன், சரிவாகத் தேய்ந்திருந்தன. பல் நேராக இருந்தால் கவ்வி நிற்கும். சரிந்துவிட்டால் இழுவை வரும்போது தானே வெளியே தள்ளும். முன்பின் ஆட்டத்தைத் தடுக்கும் த்ரஸ்ட் வாஷரும் தேய்ந்து, பல கியர்கள் ஒரே துண்டாக உள்ள கிளஸ்டர் கியர் முன்னும் பின்னும் ஆடியது. இதற்கு ஸ்பிரிங்கை மட்டும் மாற்றி என்ன பயன்?

கோயம்புத்தூர் உக்கடத்தில் இரண்டு நாள் அலைந்து சாமான் பிடித்தேன். சிங்க்ரோ ரிங்கைக் கியரின் கூம்புப் பகுதியில் வைத்து அழுத்தித் திருப்பினால் கவ்வ வேண்டும். அப்படிக் கவ்வியதைத்தான் வாங்கினேன்.

ஏற்றும்போதுதான் பொறுமை வேண்டியிருந்தது. கிளஸ்டர் கியருக்குள் இரண்டு முனையிலும் ஊசி போன்ற உருளைகளை ஒவ்வொன்றாகக் கிரீஸில் ஒட்டி அடுக்க வேண்டும். ஷாஃப்டை நேராக விட்டால் அத்தனையும் உள்ளே சரிந்துவிடும். அதனால் தேயிலைக் கட்டை ஒன்றைக் கியரின் நீளத்துக்கே அறுத்து, ஷாஃப்டின் கனத்துக்கு இழைத்து உள்ளே வைத்தோம். உருளைகள் அதன் மேல் சாய்ந்து நின்றன. கியரைப் பெட்டிக்குள் இறக்கி ஷாஃப்டைத் தட்டத் தட்ட, கட்டை மறுபக்கம் மெல்ல வெளியே வந்தது. ஒரு உருளை கூட விழவில்லை. பையன் அந்தக் கட்டையைத் துடைத்து ஆணியில் மாட்டி வைத்திருக்கிறான்.

கியர் ஆயில் ஜிஎல்-4 ரகத்தில், 80டபிள்யூ-90 என்ற கெட்டித்தன்மையில் ஊற்றினேன். ஜிஎல்-5-ல் கந்தக மருந்து கூடுதல், பித்தளையை அரிக்கும் என்பதால் அதைத் தொடவில்லை.

நேற்று மழை விட்டதும் மேட்டுப்பாளையம் சாலையில் குஞ்சப்பனை வரை இரண்டாவது கியரிலேயே இறங்கினேன். வேண்டுமென்றே ஆக்ஸிலேட்டரை விட்டும் மிதித்தும் பார்த்தேன். லீவர் அசையவில்லை. முதல் கியர் போட மட்டும் எப்போதும் போல வண்டி நிற்க வேண்டும், அதற்கு சிங்க்ரோ ரிங்கே கிடையாது அல்லவா. பின்பக்க ஆயில் சீலில் ஒரு சொட்டு கசிகிறது, அதைப் பொங்கலுக்குள் பார்த்துவிடுவேன்.

பொங்கல் கழித்து தங்கச்சியையும் கூட்டிக்கொண்டு வா. ஜீப்பில் ஏற அவளுக்குச் சிரமமில்லாமல் தாழ்வாக ஒரு படி அடித்து வைக்கிறேன்.

உன்
மச்சான்