ஒற்றைக் காதுக்கு வந்த பாட்டுகள்

காரணத்தோடு பாட்டு அனுப்பிய உங்கள் எல்லோருக்கும்,

ஏழு மாதங்களுக்கு முன் ஒரு காலையில் கண்விழித்தபோது என் இடது காது அடைத்திருந்தது. குளிக்கும்போது தண்ணீர் புகுந்திருக்கும் என்று எண்ணிப் பகல் முழுவதையும் ஓட்டினேன். மாலையில் வழக்கம்போலத் தம்புராவை ஒலிக்கவிட்டு உட்கார்ந்தேன். வலது காதில் ஒரு சட்ஜம், அதாவது 'ஸ' என்னும் அடிப்படைச் சுரம், கேட்டது. இடது காதில் அதைவிடச் சற்று இறங்கிய இன்னொரு சட்ஜம். ஒரே தந்தி இரண்டாகப் பிளந்து ஒன்றோடொன்று உரசியது. முப்பது ஆண்டுகளாக நாள்தோறும் நான் உட்கார்ந்து இளைப்பாறிய நிழல் அது. அன்று அரை நிமிடம்கூடத் தாங்கவில்லை.

மறுநாள் காலையிலேயே பார்த்து, கேள்திறன் சோதனை செய்து, தாமதிக்காமல் ஸ்டீராய்டு மருந்தைத் தொடங்கிய மருத்துவருக்கு முதல் நன்றி. உட்செவியில் ஒலியை வாங்கும் மயிர்ச்செல்கள் மனிதருக்கு ஒருமுறை அழிந்தால் மீண்டும் முளைப்பதில்லை. திடீரென்று வரும் இந்தச் செவித்திறன் இழப்பு பெரும்பாலும் ஒரு காதையே தாக்குகிறது; பலருக்குக் காரணம் கடைசிவரை தெரிவதில்லை. எனக்கும் தெரியவில்லை. இழந்ததில் கொஞ்சம் திரும்பியது, மிச்சம் திரும்பவில்லை. இதைப் படிப்பவர்களில் யாருக்காவது ஒரு காது திடீரென்று மந்தமானால், சளி என்று நினைத்துக் காத்திருக்க வேண்டாம். அன்றைக்கே மருத்துவரிடம் காட்டுங்கள்.

அதன்பின் ஆறு வாரங்கள் நான் எதையும் கேட்கவில்லை. இசை பற்றி யாராவது பேச்செடுத்தால் எழுந்து போய்விடுவேன். அந்த நாட்களில்தான் தோழி, உன் குறுஞ்செய்தி வந்தது. நலம் விசாரிக்காமல் நேரே விஷயத்துக்கு வந்தாய்: "நான் இப்போது கஞ்சிரா கேட்டுக்கொண்டிருக்கிறேன். மிருதங்கத்துக்கும் கடத்துக்கும் சுருதி சேர்ப்பார்கள், கஞ்சிராவுக்கு அது கிடையாது. எனக்கு இந்த வாரம் எதுவுமே சுருதி சேரவில்லை. அதனால் இது போதும் என்றிருக்கிறது." கூடவே கஞ்சிரா என்ற அந்தச் சிறு தோல் வாத்தியத்தில் ஹரிசங்கரின் ஒரு தனி ஆவர்த்தனம், அதாவது தாள வாத்தியம் மட்டும் தனித்து ஒலிக்கும் பகுதி.

அதைத் திறக்க எனக்கு இரண்டு நாள் பிடித்தது. திறந்தபோது பிளக்க அங்கே எதுவும் இல்லை. தாளம் முழுதாக இருந்தது. ஒற்றைக் கையால், ஒரு சாண் அகலமே உள்ள தோலில் அவர் எழுப்பிய அந்தக் கணக்கை நான் தொடையில் தட்டிக்கொண்டே தொடர்ந்தேன், ஓரிடத்தில் தவறினேன், திரும்பவும் முதலிலிருந்து போட்டேன். ஆறு வாரங்களுக்குப் பிறகு நான் கேட்ட முதல் இசை அது. உன்னுடைய அந்த வாரம் எப்படிப்பட்டதென்று நான் கேட்கவும் இல்லை. அதற்காக இப்போது மன்னிப்பும் கேட்டுக்கொள்கிறேன்.

பிறகு நீயே நமக்குத் தெரிந்தவர்களிடமெல்லாம் சொல்லியிருக்கிறாய்: ஆளுக்கு ஒரு பாட்டு அனுப்புங்கள், ஏன் கேட்கிறீர்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள் என்று. மொத்தம் 41 வந்தன. ஏறக்குறைய எல்லாவற்றையும் கேட்டுவிட்டேன். சிலவற்றைப் பற்றி மட்டும் இங்கே எழுதுகிறேன்.

பெயர் மட்டுமே தெரிந்த ஒரு கல்லூரி மாணவர் முதலில் பாட்டுக்குப் பதிலாக ஒரு குறிப்பு அனுப்பினார். ஸ்டீரியோ பதிவில் வாத்தியங்களை இரு பக்கமாகப் பிரித்து வைத்திருப்பார்கள். ஹெட்போனில் கேட்கும்போது இடப்பக்கம் போனதெல்லாம் எனக்கு இல்லாமல் போகும். தொலைபேசி அமைப்புகளில் 'மோனோ' என்று ஒன்று இருக்கிறது, அதை இயக்கினால் இரண்டு பக்கமும் ஒன்றாகக் கலந்து ஒரே காதில் விழும் என்று படம் போட்டு விளக்கியிருந்தார். வயலின் காணாமல் போயிருந்த கச்சேரிகளுக்கு வயலின் திரும்பி வந்தது. தம்பி, நீங்கள் அதோடு அனுப்பிய இசைத்தட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். பீச் பாய்ஸ் என்ற அமெரிக்கப் பாட்டுக் குழுவின் பிரையன் வில்சனுக்குச் சிறு வயதிலிருந்தே வலது காது ஏறக்குறையக் கேட்காமல் இருந்தது என்பதையும், 1966-இல் அவர் உருவாக்கிய 'பெட் சவுண்ட்ஸ்' மோனோவாகவே வெளியானது என்பதையும் உங்களால்தான் அறிந்தேன். அத்தனை குரல்களையும் ஒரு காதால் அடுக்கியிருக்கிறார்! "எனக்குப் பாட்டு வரிகள் புரிவதில்லை, அந்தக் குரல்கள் சேருமிடத்தில் தேர்வுப் பயம் போய்விடுகிறது" என்ற உங்கள் காரணம் எனக்கு மிகவும் பிடித்தது.

மோனோ என்றதும் ஒரு பெரிய வாசல் திறந்தது. ஸ்டீரியோ இசைத்தட்டுகள் 1958-இல்தான் பரவலாக விற்பனைக்கு வந்தன. அதற்கு முந்தைய இசைத்தட்டுகளில் இடமும் கிடையாது, வலமும் கிடையாது. இரண்டு காது உள்ளவர் கேட்பதை நானும் குறைவில்லாமல் கேட்கலாம். வீணை தனம்மாளின் 1930-களின் பதிவை ஓர் ஆசிரியை அனுப்பினார். தனம்மாள் உரக்க வாசிக்கவே மாட்டார், கேட்பவர்தான் அமைதியாகி அவரிடம் போக வேண்டும். நாள் முழுவதும் வகுப்பில் குரலை உயர்த்திப் பேசிவிட்டு வீடு திரும்பும் தனக்கு அது ஒரு தண்டனை போலவும் மருந்து போலவும் இருக்கிறது என்று எழுதியிருந்தார். ஒரு காது போனால் சந்தடியில் பேச்சைப் பிரித்தறிவதே கடினம். ஆகவே விசிறியை நிறுத்தி, சன்னலைச் சாத்தி, பழைய தட்டின் இரைச்சலுக்கு அடியில் அந்த வீணையைத் தேடினேன். கிடைத்தது. கமகத்தின் கடைசி அசைவுவரை கிடைத்தது.

பெரியப்பா, உங்களுக்குத் தனியாக எழுத வேண்டும் என்று நினைத்தேன். ஆனால் எல்லோரும் படிக்கட்டும். ஜெர்மன் இசையமைப்பாளர் பாக்கின் 6 செல்லோ தொகுப்புகளின் இசைத்தாள்களைச் செல்லோ கலைஞர் பாப்லோ காசல்ஸ் 13 வயதில் ஒரு பழைய கடையில் கண்டெடுத்ததையும், 1936 முதல் 1939 வரை அவற்றைப் பதிவு செய்ததையும் பற்றி நீங்கள் பக்கம் பக்கமாக எழுதியிருக்கலாம். உங்களுக்கு அவ்வளவு தெரியும். நீங்கள் எழுதியது நான்கு வரிதான்: "ஒரே வாத்தியம். பக்கவாத்தியம் கிடையாது. ஆனாலும் இரண்டு பேர் பேசிக்கொள்வதுபோல் கேட்கும். உன் பெரியம்மா போனபிறகு காலையில் இதைப் போடுகிறேன்." நானும் காலையில்தான் போடுகிறேன், பெரியப்பா. செல்லோ ஒரு தாழ்ந்த சுரத்தைத் தொட்டுவிட்டு மேலே ஏறிப் போனபிறகும் அந்தத் தாழ்ந்த சுரம் மனத்தில் நின்றுகொண்டே இருக்கிறது. இரண்டாவது ஆள் அதுதான் என்று நினைக்கிறேன். சரிதானா என்று சொல்லுங்கள்.

ஒன்றை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். பேத்தோவனை அனுப்பியவர்கள் ஒன்பது பேர். 1824-இல் ஒன்பதாம் சிம்பொனி அரங்கேறியபோது, கைதட்டல் கேட்காமல் நின்றவரை ஒரு பாடகி கூட்டத்தின் பக்கம் திருப்பிவிட்ட செய்தியையும் அனைவரும் எழுதியிருந்தீர்கள். உங்கள் அன்பு எனக்குப் புரிந்தது, நன்றியும் உண்டு. ஆனால் அந்தச் சிம்பொனியை என்னால் இன்னும் முழுதாகக் கேட்க முடியவில்லை. அது என் நோய்க்கு அனுப்பிய பாட்டு. மற்றவர்கள் தங்கள் வீட்டில் ஏற்கெனவே ஒலித்துக்கொண்டிருந்ததிலிருந்து ஒன்றை எடுத்துக் கொடுத்தார்கள். நீங்கள் ஒன்பது பேரும் உண்மையில் இப்போது எதைக் கேட்கிறீர்கள்? அதை அனுப்புங்கள், காத்திருக்கிறேன்.

என் முறைக்கு நானும் சொல்ல வேண்டும் அல்லவா? நான் இப்போது தம்புரா கேட்கிறேன். சென்ற வாரம்தான் மறுபடி தொடங்கினேன். இடது காதைப் பஞ்சால் அடைத்துக்கொண்டு, வலது காதுக்கு மட்டும், பத்து நிமிடம். பிளவு கேட்கவில்லை. பஞ்சை எடுத்தால் மெல்லிய உரசல் இன்னும் இருக்கிறது. அதனால் அடைத்தே கேட்கிறேன். ஏன் கேட்கிறேன் என்றால், நீங்கள் அனுப்பிய 41-இல் ஒன்றுகூடத் தம்புரா இல்லை. அது எனக்கு எவ்வளவு வலிக்கும் என்று தெரிந்து எல்லோரும் தவிர்த்திருக்கிறீர்கள். அந்த இடத்தை நானே நிரப்ப வேண்டும் என்று தோன்றியது.

அன்புடன்,
உங்கள் பாட்டுகளைக் கேட்டுக்கொண்டிருப்பவன்