முதல் 50 கிலோமீட்டருக்கு முன்பாக ஒரு நன்றி மடல்

அன்பும் மதிப்பும் மிக்க உங்கள் அனைவருக்கும் வணக்கம்.

என் முதல் அல்ட்ரா மாரத்தானான 50 கிலோமீட்டர் ஓட்டம் இன்னும் நடைபெறவில்லை. ஓடி முடித்த பிறகு நன்றி சொல்வதே வழக்கம் என்றாலும், முடிவுக்கோட்டை எட்டுவது அன்றைய வெயிலையும் வயிற்றையும் பொறுத்தது. நீங்கள் செய்த உதவியோ ஏற்கெனவே முழுமையாகக் கிடைத்துவிட்டது. ஆகவே அதற்குரிய நன்றியை இப்போதே தெரிவிப்பதுதான் முறை என்று கருதுகிறேன்.

42.195 கிலோமீட்டரைத் தாண்டிய எந்த ஓட்டமும் அல்ட்ரா என்ற கணக்கில் சேரும். மாரத்தானைவிட எட்டு கிலோமீட்டர்கூட முழுதாகக் கூடாத தொலைவுக்கு ஆயத்தம் இவ்வளவு மாறுமா என்று வியந்த எனக்கு, அதைப் பொறுமையாக விளக்கியவர் எங்கள் பயிற்சியாளர் ஐயா அவர்கள். வேகத்தை ஒதுக்கிவைத்து, ஓடும் நேரத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டி, சனிக்கிழமை நீண்ட ஓட்டமும் மறுநாள் அந்தக் களைப்பு தீராத கால்களுடனேயே இன்னோர் ஓட்டமுமாக அட்டவணையை வகுத்துத் தந்தார். பக்கத்திலேயே ஓடியபடி எதையாவது கேட்பார். பதில் சொல்லி முடிப்பதற்குள் எனக்கு மூச்சு வாங்கினால், ஒன்றும் பேசாமல் உள்ளங்கையைக் கீழ்நோக்கித் தாழ்த்துவார். வேகத்தைக் குறை என்பதற்கு அதுவே அடையாளம். மேடு வந்தால் நடக்க வேண்டும், அங்கே மிச்சமாகும் வலுதான் கடைசி மணி நேரத்தில் கைகொடுக்கும் என்று அவர் சொல்லாத வாரமில்லை.

இயன்முறை மருத்துவர் அம்மா அவர்களுக்கு என் தொடைகள் தனியே கடன்பட்டிருக்கின்றன. இறக்கத்தில் ஓடும்போது தொடையின் முன்பக்கத் தசைகள் நீண்டுகொண்டே உடல் எடையைத் தாங்குவதால், ஏற்றத்தைவிட அங்குதான் அவை அதிகம் சேதமடைகின்றன. அதற்காக, படிக்கட்டின் விளிம்பில் ஒற்றைக்காலில் நின்று, மறுகாலின் குதிகாலை மெல்ல, மிக மெல்லக் கீழ்ப்படிவரை இறக்கும் பயிற்சியைக் கற்றுக்கொடுத்தார்; முழங்கால் உட்புறம் சாயும்போதெல்லாம் விரல் நுனியால் தொட்டு நேராக்கினார். இபுப்ரோஃபென் போன்ற வலிநிவாரணிகளை விழுங்கிவிட்டு ஓடக் கூடாது, நெடுநேர ஓட்டத்தின் நீரிழப்போடு சேர்ந்தால் அவை சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடும் என்ற அவரது எச்சரிக்கையை நெடுந்தொலைவு ஓடும் எல்லோரும் கேட்க வேண்டும்.

உணவியல் படித்த தோழியின் உழைப்பை எத்தனை சொன்னாலும் தகும். உடலில் சேமிப்பாக உள்ள மாவுச்சத்து சில மணி நேரத்திலேயே குறைந்துவிடும் என்பதால், ஓடிக்கொண்டே உண்பதற்கு வயிற்றையும் பழக்க வேண்டியிருந்தது. மணிக்கு 30 கிராம் மாவுச்சத்தில் தொடங்கி, வயிறு இசைந்த பிறகே 60 கிராமுக்கு உயர்த்தினார். நீண்ட ஓட்டங்களின்போது எடை பார்க்கும் கருவியுடன் வந்து காத்திருந்து, ஓட்டத்திற்கு முன்னும் பின்னும் என்னை நிறுத்தி எடையைக் குறித்துக்கொள்வார். எடை மிகவும் குறைந்தால் குடித்த நீர் போதவில்லை என்பதை நானும் அறிவேன். எடை கூடியிருந்தால் அது அதைவிடக் கவலைக்குரியது என்பதை அவரிடமே கற்றேன். அளவுக்கு மீறி நீர் குடித்தால் இரத்தத்தில் சோடியம் தாழ்ந்து உயிருக்கே ஆபத்தாகலாம் என்பதால், தாகத்தை அறிந்து குடிக்கும் பழக்கத்தை எனக்குள் ஊன்றியவர் அவரே.

கொப்புளம் எழும் இடங்களை முன்கூட்டியே கண்டு நாடா ஒட்டக் கற்றுத்தந்த மூத்த ஓட்டக்கார அண்ணனுக்கும், இருள் பிரியாத வேளைகளில் எனக்குத் துணையாக ஓடிய குழுவினருக்கும் என் நன்றி.

வாரக்கடைசிக் காலைகளை எல்லாம் விட்டுக்கொடுத்து, நான் திரும்பி வந்து உறங்கும்போது வீட்டில் ஓசை எழாமல் பார்த்துக்கொண்ட என் இல்லத்தாருக்கு எந்தச் சொல்லால் நன்றி கூறுவது என்று தெரியவில்லை. இந்தப் பயிற்சியில் உறக்கத்திற்கு ஈடான மருந்து வேறில்லை. அதை எனக்குத் தந்தவர்கள் அவர்கள்தான்.

இறுதியாக, வழிநெடுக உதவி நிலையங்களில் நீரும் உப்பும் ஏந்தி நிற்கப்போகும் தன்னார்வலர்களே, உங்களை நான் இன்னும் சந்திக்கவில்லை. அன்று உங்களிடம் நின்று பேச எனக்கு மூச்சு இருக்குமோ இல்லையோ, என் வணக்கத்தை இம்மடல் வழியே முன்னதாகவே ஏற்றுக்கொள்ளுங்கள்.

என்றும் நன்றியுடன்,
உங்கள் ஓட்டத் தோழன்