மூன்றாம் பெட்டி: சாருக்கு ஒரு கடிதம்

அன்புள்ள சாருக்கு,

வெள்ளிக்கிழமை கையெழுத்துப் போட்டுவிட்டேன். பள்ளிக்கூடத்துக் கிணற்றடிக் கொட்டகையை இடிக்கலாம் என்ற தீர்மானத்தில் பதினோராவது கையெழுத்து என்னுடையது. இதற்குள் யாராவது உங்களுக்குச் சொல்லியிருப்பார்கள். இந்த ஊரில் ஒரு வீட்டில் மரச்சீனிக் கிழங்கு வெந்தால் மூன்றாவது வீட்டுக்குத் தெரிந்துவிடும்.

கண் ஆபரேஷனுக்குப் பிறகு டீச்சர்தான் உங்களுக்கு எல்லாம் வாசித்துக் காட்டுகிறார்கள் என்று கேள்விப்பட்டேன். அதனால் டீச்சருக்கு ஒரு வார்த்தை: நடுவில் ஓரிடத்தில் நிறுத்தச் சொல்வேன். அந்த இடத்தை முதலில் நீங்கள் மனதுக்குள் வாசித்துவிட்டு, சாருக்கு வாசிக்கலாமா வேண்டாமா என்று முடிவு செய்துகொள்ளுங்கள்.

சரி, கொட்டகை விஷயம். ஓடு பாதி சரிந்துவிட்டது. பிலா மரத்து வேர் பின்சுவரைப் பிளந்துவிட்டது. மழைக்காலத்தில் பிள்ளைகள் அந்தப் பக்கம் போகக்கூடாது என்று கயிறு கட்டி வைத்திருந்தார்கள். நீங்கள் ஓய்வு பெற்ற பிறகு அந்த இடத்துக்கு ஆள் போடவே இல்லை என்பது உங்களுக்கே தெரியும். பெற்றோர் ஆசிரியர் கழகத்துப் பணத்தில் மணிக்கணக்குக்கு வந்த பையனும் நல்ல வேலை கிடைத்துப் போனான். வேளாண் தொழிற்பிரிவை மூடிய வருடம் அதில் சேர வந்தது நான்கே பேர். நான் ஒருவன் எதிர்த்தால் நின்றிருக்குமா? நிற்காது. ஆனால் நான் எதிர்க்கவும் இல்லை. கூட்டத்தில் டீயும் பருப்பு வடையும் கொடுத்தார்கள். வடையைத் தின்றுவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டேன். இவ்வளவுதான் நடந்தது.

உள்ளே கிடந்ததை எல்லாம் இரும்பு விலைக்குத் தள்ளினார்கள். மண்வெட்டி, கை தெளிப்பான், பதியன் போடுகிற கத்திகள், நாட்டு நலப்பணித் திட்ட முகாமுக்குக் கொண்டுபோன அண்டா. அடையிலிருந்து தேன் எடுக்கச் சுற்றுகிற டிரம்மை நான் எடுத்துக்கொண்டேன். அதற்குப் பின்னால், சுவரோடு சாய்த்துவைத்து ஒரு தேனீப் பெட்டியின் மூடி இருந்தது. நீல எனாமலில் 3 என்று உங்கள் கையெழுத்து. மூன்றின் வால் எப்போதும் போலக் கீழே நீண்டு, சுருண்டு.

அதைப் பார்த்த பிறகு இரண்டு நாள் சரியாகத் தூங்கவில்லை.

1992 மாசி மாதம். ரப்பர் இலை எல்லாம் உதிர்ந்து, செம்பு நிறத்தில் தளிர் விட்டிருந்தது. பூவில் மட்டும் தேன் இருக்கும் என்று நினைத்திருந்த எங்களை நீங்கள் கிளையை வளைத்து, மூன்று இலை சேருகிற கணுவில் நாக்கை வைக்கச் சொன்னீர்கள். இனித்தது. “மார்த்தாண்டத்துல ஒய்எம்சிஏக்காரங்க 1920-கள்லயே பெட்டி வெச்சு ஈ வளக்கப் படிப்பிச்சது சும்மாவா மக்கா? மலை நிறைய தேன் நிக்குது, எடுக்கத்தான் ஆள் வேணும்” என்று வழக்கமாகச் சொல்வதைச் சொன்னீர்கள். நம்மிடம் ஒன்பது பெட்டிகள். அதில் மூன்றாம் பெட்டி என் பொறுப்பு.

மூன்று மட்டும் தேறவில்லை. மழைக்காலம் முழுக்க சீனிப்பாகு கொடுத்தும் ஈ கூடவில்லை. மற்ற பெட்டிகளில் மேலே தேனறை ஏற்றியாகிவிட்டது; என்னுடையதில் கீழறையே பாதி காலி. தினமும் சாயங்காலம் பொது நோட்டில் ஒவ்வொரு பெட்டிக்கும் நிலவரம் எழுதவேண்டும். எட்டுப் பேர் ‘பலம்’ என்று எழுதிய பக்கத்தில் நான் ‘சுமார்’ என்று எழுதிக்கொண்டிருந்தேன். நாகர்கோவில் கண்காட்சிக்கு எந்தப் பெட்டியிலிருந்து அடை எடுத்துக் கண்ணாடிக் கூட்டில் வைப்பது என்று நீங்கள் அந்த நோட்டைப் பார்த்துத்தான் முடிவு செய்வீர்கள்.

டீச்சர், இங்கேதான்.

அருமனை மாமா வீட்டில் பெட்டிகள் நன்றாக இருந்தன. ஒரு ஞாயிற்றுக்கிழமை, மாமா சந்தைக்குப் போன நேரத்தில், புழுவும் கூட்டுப்புழுவும் நிறைந்த ஒரு அடையை மரச் சட்டத்தோடு உருவினேன். ஈயை உதறிவிட்டு, ஈரத் தோர்த்தில் சுற்றி, பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்தேன். பள்ளிச் சுவர் ஏறிக் குதித்து மூன்றாம் பெட்டியில் இறக்கினேன். வெளி அடை எதையும் கேட்காமல் உள்ளே விடக்கூடாது என்று நீங்கள் சொன்னது நினைவில் இருந்தது. நினைவில் இருந்தும் செய்தேன்.

பத்துப் பன்னிரண்டு நாள் இருக்கும். காலை பிரேயருக்கு முன்னால் நீங்கள் மூன்றாம் பெட்டியைத் திறந்தீர்கள். நாங்கள் ஒன்பது பேரும் சுற்றி நின்றோம். அறைகள் மூடாமல் கிடந்தன. உள்ளே புழு மல்லாந்து, தலை மட்டும் வள்ளத்து மூக்கு மாதிரி மேலே தூக்கி. தீக்குச்சியால் ஒன்றைக் குத்தி எடுத்தீர்கள். உடையாமல் முழுசாக வந்தது. வெயிலுக்கு எதிரே பிடித்தீர்கள். சின்ன நீர்ப்பை. அதன் அடியில் ஒரு சொட்டு தொங்கியது. அதில் வெயில் பட்டு மின்னியது இன்றைக்கும் கண்ணில் நிற்கிறது.

அப்புறம் ஒவ்வொரு சட்டமாக எடுத்தீர்கள். நான்காவது சட்டம் மாமாவுடையது. மாமா தன் சட்டங்களின் மேல்கட்டையில் சிவப்பு பெயின்டில் ஒரு கோடு போட்டிருப்பார். கொண்டுவரும்போது அதை நான் கவனிக்கவில்லை. நீங்கள் கவனித்தீர்கள். கட்டைவிரலால் அந்தக் கோட்டை ஒரு தடவை தேய்த்தீர்கள், அழிகிறதா என்று பார்ப்பதுபோல. தலையைத் தூக்கி ஒன்பது பேரையும் வரிசையாகப் பார்த்தீர்கள். என் மேல் கண் நின்றதா இல்லையா? இத்தனை வருடமாக இதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

ஒன்றும் கேட்கவில்லை நீங்கள். பின்பக்கம் குழி வெட்டச் சொன்னீர்கள். ரப்பர்ச் சருகு போட்டு முதலில் அந்தச் சட்டத்தை எரித்தீர்கள். மாசி முடிவதற்குள் ஒன்பது பெட்டியும் காலி. தளிரில் தேன் சொட்டிக்கொண்டிருக்க, குடிக்க ஈ இல்லை. கடைசி நாள் டிரம்மைக் கழுவிக் கவிழ்த்துவைத்துவிட்டு, கைப்பிடியை மட்டும் கழற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டு சைக்கிளை உருட்டிப் போனீர்கள்.

ஸ்டாக் ரிஜிஸ்டரில் நீங்கள் எழுதியதை நான் பார்த்தது அடுத்த வருடம், பிராக்டிகல் நோட்டு எடுக்கப் போனபோது. ‘வெளியிலிருந்து ஓர் அடை என்னால் கொண்டுவந்து வைக்கப்பட்டது.’ என்னால். கீழே உங்கள் கையெழுத்து. பகுதி நேரத்திலிருந்து உங்களை நிரந்தரமாக்கி அதிக நாள் ஆகாத சமயம் அது. பெட்டிகள் கழகத்துப் பணத்தில் வாங்கியவை. அதற்குப் பிறகு அலுவலக அறையில் என்ன நடந்தது, எத்தனை மாதம் சம்பளத்தில் பிடித்தார்கள் என்பதை எல்லாம் இங்கே எழுதப்போவதில்லை. சம்பந்தப்பட்டவர்களின் பிள்ளைகள் இதைப் படிப்பார்கள். எனக்கு வாரம் இரண்டு தடவை சந்தையில் அவர்கள் முகத்தைப் பார்க்கவேண்டியிருக்கிறது.

மன்னித்துவிடுங்கள் சார். இதை எழுதத்தான் உட்கார்ந்தேன்.

ஆனால் இன்னொன்றையும் சொல்லவேண்டும். அந்த நோய் நான் கொண்டுவராவிட்டாலும் வந்திருக்கும். தாய்லாந்தில் முதலில் கண்டுபிடித்த வைரஸ் அது. 1991, 92-இல் தென்னிந்தியா முழுக்க அடுக்குத் தேனீயை அழித்தது. நூற்றுக்குத் தொண்ணூறு கூட்டத்துக்கு மேல் போயிற்று என்று பின்னால் படித்தேன். மாமாவின் பெட்டிகளும் அதே மாசத்தில் போயின. மாமா கடனுக்கு இரண்டு பசுவை விற்றார். நம் மாவட்டத்தில் எத்தனை வீட்டில் காலிப் பெட்டியில் கோழி அடைவைத்தார்கள் என்று உங்களுக்குத் தெரியாதா? இதைச் சொல்லித்தான் முப்பது வருடம் என்னைத் தேற்றிக்கொண்டேன். பெரும்பாலும் போதுமானதாகத்தான் இருந்தது.

நீங்கள் கேட்டிருக்கலாம் சார். “யாருலே இது?” என்று ஒரே ஒரு வார்த்தை. கேட்டிருந்தால் அழுதிருப்பேன், இரண்டு அடி வாங்கியிருப்பேன், அன்றோடு முடிந்திருக்கும். நீங்கள் பேசாமல் பழியை ஏற்றுக்கொண்டதைப் பெருந்தன்மை என்று மற்றவர்கள் சொல்வார்கள். அதற்கப்புறம் வகுப்பில் நீங்கள் என் பெயரைக் கூப்பிடும் ஒவ்வொரு முறையும் எனக்கு வயிற்றைக் கலக்கியதே, அது யாருக்குத் தெரியும்?

இதையும் சொல்லிவிடுகிறேன். பத்தாம் வகுப்பில் 412 வாங்கியவன் நான். எங்கள் வீட்டு முற்றத்தில் நின்று, ரப்பர் பால் வெட்டிவிட்டு வந்து கை கழுவிக்கொண்டிருந்த அப்பாவிடம், “பயல வேளாண்மைல போடும், கையில ஒரு தொழில் இருக்கும்” என்றது நீங்கள்தான். அப்பா வாத்தியார் சொல்லைத் தட்டுகிறவர் இல்லை. கல்லூரி வாசலில் நின்றபோதுதான் தெரிந்தது, தொழிற்பிரிவில் படித்தவனுக்கு எத்தனை கதவு திறக்கும் என்று. மூன்று வருடம் கழித்து உங்கள் மகன் பதினொன்றாம் வகுப்புக்கு வந்தான். எந்தப் பிரிவில் சேர்த்தீர்கள்? தம்பி, நீ இதைப் படித்தால் மனதில் வைத்துக்கொள்ளாதே; உன் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை.

என் மகளை நான் எந்தப் பிரிவில் சேர்த்தேன் என்று நீங்கள் திருப்பிக் கேட்பீர்கள். ஃபர்ஸ்ட் குரூப். அப்போது வேளாண் பிரிவு மூடவில்லை, சார். அந்த நான்கு பேரோடு அவள் ஐந்தாவதாக இருந்திருக்கலாம்.

எட்டு வருடம் வளைகுடாவில் இருந்துவிட்டுத் திரும்பி வந்தபோது கையில் மிச்சம் எண்பது சென்ட் ரப்பர் தோட்டமும், விலை சரிந்த ஷீட்டும்தான். அப்போது என்னைக் காப்பாற்றியது ஈதான். நோய்க்குத் தாக்குப்பிடித்த கூட்டங்களிலிருந்து மீண்டும் பெருகி வந்தவை. இன்றைக்கு அறுபத்திரண்டு பெட்டி வைத்திருக்கிறேன். மகளுக்குக் கட்டுகிற பீஸ் அதிலிருந்துதான். ஒவ்வொரு புது அடையையும் கட்டைவிரலால் தடவிப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே விடுகிறேன். பக்கத்துத் தோட்டக்காரர் எதற்கு இந்தப் பழக்கம் என்று கேட்டார். கைப்பழக்கம் என்றேன்.

புதுத் தலைமையாசிரியை நல்ல மாதிரி. சுற்றுச்சூழல் மன்றத்துப் பிள்ளைகளுக்கு ஒரு பெட்டியைக் கொண்டுவந்து காட்டமுடியுமா என்று அன்றைய கூட்டம் முடிந்து கேட்டார். பார்க்கிறேன் என்றேன். நேற்று சரி என்று சொல்லிவிட்டேன். மாசியில் தளிர் வந்ததும் வைக்கிறோம், ஒரே ஒரு பெட்டி. பழைய மூடி அதற்குப் பொருந்தவில்லை, இழைத்தால் பொருந்தும்.

டிரம்மைப் புளி போட்டுத் தேய்த்துவிட்டேன். உள்ளே சட்டம் மாட்டும் கூண்டு நன்றாகச் சுற்றுகிறது, பல்சக்கரமும் தேயவில்லை. டீச்சரிடம் பரணில் ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள் சார். அந்தக் கைப்பிடி இருந்தால், ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு மேல் வந்து வாங்கிக்கொள்கிறேன்.

உங்கள் பழைய மாணவன்