உன் ரூம் நண்பனிடம் கொடு

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே எல்லோரும் நலம். அப்பாவுக்கு டியூட்டி மாறிவிட்டது, இந்த மாதம் பகல்தான். அக்கா வியாழக்கிழமை வந்து போனாள். வேறு விசேஷம் இல்லை.

போன வாரம் நீ போன் பண்ணி ஓடிபி கேட்டாய். ஆறு எண்ணையும் சொன்னேன், வைத்துவிட்டாய். எதற்கென்று நீ சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. இ-சேவை மையத்தில் ஒரு நாளைக்கு எத்தனை ஓடிபி பார்க்கிறேன், எது எங்கிருந்து வருகிறது என்று தெரியாதா எனக்கு? சரி, அது கிடக்கட்டும். அக்னிவீர், அதாவது நாலு வருஷத்துக்கு மட்டும் ராணுவத்தில் சேரும் வேலை, அதற்கு விண்ணப்பம் போட வரும் பையன்களுக்காக, ஆர்மி ஆள்சேர்ப்பு ஆபீசில் என்னென்ன கேட்க வேண்டும் என்று ஒரு தாளில் எழுதி வைத்திருக்கிறேன். உன் ரூமில் ஒரு பையன் தினம் காலையில் ஓடுகிறான் என்றாயே, அவனிடம் இதைக் கொடு.

முதலில் அவனை ஆள் எடுக்கும் ரேலிக்கு முன்பே ஒரு வேலைநாளில் ஆபீசுக்குப் போகச் சொல். சென்னையில் இருக்கிறது, திருச்சி, கோவையிலும் இருக்கிறது. ரேலி மைதானத்தில் நிற்கும் கூட்டத்தில் எந்த அதிகாரியும் நின்று பதில் சொல்ல முடியாது. ஆபீசில் இருப்பவர்கள் பொய் சொல்ல மாட்டார்கள். ஆனால் கேட்ட கேள்விக்குத்தான் பதில் வரும், கேட்காததை அவர்களாக எடுத்துச் சொல்ல மாட்டார்கள். அதனால் அறிவிப்பை முழுவதும் பிரிண்ட் எடுத்துக்கொண்டு போகட்டும். ஒவ்வொரு பதிலுக்கும் "சார், இது எந்தப் பத்தியில் இருக்கிறது?" என்று கேட்டு, அந்தப் பத்தி ஓரத்தில் பேனாவால் குறித்துக்கொள்ளட்டும். பத்தியில் இல்லாத பதிலை நம்பி வீட்டில் கணக்குப் போடக் கூடாது.

அடுத்தது சம்பளம். முதல் வருஷம் மாதம் 30,000 என்று எல்லோருக்கும் தெரியும். அதில் 30 சதவீதம் நிதிக்குப் பிடித்துவிடுவார்கள், கையில் வருவது 21,000. இரண்டாம் வருஷம் 33,000க்கு 23,100, மூன்றாம் வருஷம் 36,500க்கு 25,550, நாலாம் வருஷம் 40,000க்கு 28,000. அதற்கு மேல் இருக்கும் இடத்தைப் பொறுத்துப் படி வரும். எந்த இடத்துக்கு எந்தப் படி என்று கேட்கட்டும், ஆனால் அதை நம்பி ஈஎம்ஐ போட வேண்டாம். வீட்டில் கல்விக் கடன் இருக்கிற பையன் 30,000ஐ வைத்துக் கணக்குப் போட்டால் முதல் மாதமே இடிக்கும், 21,000ஐ வைத்துத்தான் போட வேண்டும். நம் கடனைப் பற்றி நீ கவலைப்படாதே, அதை நானும் அப்பாவும் பார்த்துக்கொள்கிறோம்.

பிடித்த பணம் நாலு வருஷத்தில் 5.02 லட்சம் ஆகும். அரசாங்கம் அதே அளவு போடும். வட்டியோடு 11.71 லட்சம் போல வரும், வருமான வரி கிடையாது. இதற்குப் பெயர் சேவா நிதி. பென்ஷனும் கிடையாது, கிராஜுவிட்டியும் கிடையாது. போஸ்டரில் 11.71 பெரிய எழுத்தில் இருக்கும். அதில் பாதி அவன் சம்பளத்திலிருந்து பிடித்ததுதான் என்பதை அவனுக்குச் சொல்.

இப்போது முக்கியமான கேள்விக்கு வருகிறேன். நடுவில் வெளியே வந்தால் என்ன ஆகும்? இதை யாரும் கேட்பதில்லை. சேரும் ஆசையில் இருப்பவனுக்கு வெளியே வருவதைப் பற்றி வாய் வராது, கேட்டால் பயந்தவன் என்று நினைப்பார்களோ என்று இருக்கும். கேட்கட்டும். நாலு வருஷம் முடியும் முன் சொந்த விருப்பத்தில் விலக அனுமதி கிடையாது. தவிர்க்க முடியாத காரணம் இருந்து மேலதிகாரி ஒப்புக்கொண்டால்தான் உண்டு. அப்படி வந்தால் அவன் போட்ட பணம் மட்டும் வட்டியோடு திரும்பும், அரசாங்கம் போட்ட பங்கு வராது. இரண்டு வருஷம் முடித்துவிட்டு வருகிறான் என்று வை. அவனுடையது 2,26,800 ரூபாயும் வட்டியும் வரும். அதே 2,26,800 அரசாங்கப் பங்கு போய்விடும். எந்தெந்தக் காரணத்தை ஒப்புக்கொள்வார்கள், மனு யாரிடம் போகும், முடிவு வர எத்தனை நாள் ஆகும் என்று மூன்றையும் கேட்டு எழுதிக்கொள்ளட்டும். வீட்டில் உடம்பு சரியில்லை என்றால் லீவா, விலகலா, எது முதலில் என்றும் கேட்கட்டும்.

லீவு வருஷத்துக்கு 30 நாள். மருத்துவ லீவு டாக்டர் எழுதுவதைப் பொறுத்தது. அப்பா காலத்தில் 60 நாள் ஆனுவல், அதற்கு மேல் 30 நாள் கேஷுவல். அப்போதே பத்தவில்லை. ரயிலில் போக வர நாலைந்து நாள் போகிற இடத்தில் போட்டுவிட்டால் அந்த 30 நாளில் பயண நாள் சேருமா, பயிற்சிக் காலத்தில் லீவு உண்டா என்று கேட்கச் சொல்.

நாலு வருஷம் முடிந்ததும் 25 சதவீதம் பேர் வரைக்கும்தான் நிரந்தரமாக எடுப்பார்கள். நாலு பேரில் மூன்று பேர் வெளியே வருவார்கள். இது 2022 ஜூன் 14 அன்று திட்டத்தை அறிவித்தபோதே சொன்னது. அந்த 25க்கு எதை எதைப் பார்த்து மார்க் போடுகிறார்கள்? துப்பாக்கி சுடுவது, ஓட்டம், யூனிட் அதிகாரி எழுதுவது, எதற்கு எவ்வளவு? நிரந்தரமாக எடுத்தால் இன்னும் 15 வருஷம் இருக்க வேண்டும். அப்போது சேவா நிதியில் அவன் பங்கும் வட்டியும் மட்டும்தான் கொடுப்பார்கள். முதல் நாலு வருஷம் பென்ஷன் கணக்கில் சேருமா என்பதையும் அந்த இடத்திலேயே பத்தி எண்ணோடு கேட்கட்டும். வெளியே வருபவர்களுக்குத் திறன் சான்றிதழ் தருவார்கள். ஆனால் முன்னாள் படைவீரர் என்ற தகுதி கிடையாது, கேன்டீன் அட்டையும் ராணுவ மருத்துவத் திட்டமும் கிடையாது. துணை ராணுவப் படைகளில் 10 சதவீத இடம் ஒதுக்குவதாக 2022இல் அறிவித்தார்கள், இப்போது எவ்வளவு என்று கேட்கட்டும். அங்கேயும் விண்ணப்பம், தேர்வு எல்லாம் உண்டு, தானாகக் கிடைக்காது. முதல் பேட்ச் 2023 ஜனவரியில் பயிற்சிக்குப் போனது. அதில் போன ஒரு பையனைத் தேடிப் பிடித்துப் பேசினால் நான் எழுதுவதைவிட நன்றாகத் தெரியும்.

நாலு வருஷமும் கல்யாணம் செய்துகொள்ளக் கூடாது. அவன் மனதில் யாராவது இருந்தால் அந்தப் பெண்ணிடமும் இதைச் சொல்லிவிட வேண்டும்.

எந்தப் பிரிவு என்பதைப் பலர் அவசரத்தில் டிக் செய்துவிடுகிறார்கள். ஜி.டி. என்றால் சண்டைப் பணி, பத்தாவதில் மொத்தம் 45 சதவீதமும் பாடத்துக்கு 33ம் வேண்டும். டெக்னிக்கல், கிளார்க் எல்லாம் தனி. டிரேட்ஸ்மேன் என்றால் சமையல், சலவை, முடிவெட்டுதல், தையல் போன்ற வேலை. எந்த வேலையும் குறைவில்லை, சம்பளமும் ஒன்றுதான். ஆனால் துப்பாக்கி பிடிக்கும் கனவோடு போனவன் சமையலறையில் நின்றால் மனது உடைந்து போவான். சேர்ந்த பிறகு பிரிவு மாற்ற முடியுமா, எந்த ரெஜிமென்ட் என்று யார் எப்போது முடிவு செய்கிறார்கள் என்று கேட்கட்டும். எல்லோரும் நீலகிரியில் மெட்ராஸ் ரெஜிமென்ட் மையம் இருக்கும் வெலிங்டனுக்குத்தான் போவோம் என்று நினைக்கிறார்கள், அப்படி இல்லை.

ஓட்டம் அவனுக்கே தெரியும். 1.6 கிலோமீட்டரை 5 நிமிஷம் 30 செகண்டுக்குள் முடித்தால்தான் முழு 60 மார்க். பீம், அதாவது கம்பியில் தொங்கி உடம்பை மேலே இழுப்பது, 10 எடுத்தால் 40, ஆறோடு நின்றால் 16. 9 அடிப் பள்ளம் தாண்டுவதற்கு மார்க் இல்லை, தாண்டினால் போதும். ஓட்டத்தைவிட அதிகம் பேர் விழுவது மெடிக்கலில்தான். தட்டைப் பாதம், முழங்கால் முட்டுவது, நிறம் பிரித்துப் பார்க்க முடியாதது, நரம்புச் சுருட்டு, காது. காதில் அழுக்கு அடைத்திருந்தாலே நிறுத்திவிடுவார்கள், முன்பே போய்ச் சுத்தம் செய்ய வேண்டும். செவிப்பறையில் ஓட்டை இருந்தால் கஷ்டம். யு.கே.ஜி. படிக்கும்போது வலது காதில் சீழ் வந்து மூன்று மாதம் பஞ்சு வைத்திருந்தோமே, இஎன்டி டாக்டரிடம் ஒருமுறை காட்டிவிடு. காட்டிவிடச் சொல். தகுதியில்லை என்று எழுதினால் எந்த ராணுவ ஆஸ்பத்திரியில், எத்தனை நாளுக்குள் மறுபரிசோதனைக்குப் போக வேண்டும் என்று அங்கேயே கேட்டுத் தாளை வாங்கிக்கொள்ள வேண்டும். அழுதுகொண்டே பஸ் ஏறிவிட்டால் நாள் தாண்டிவிடும்.

என் மையத்தில் தினம் பார்ப்பது பெயர்த் தகராறு. பத்தாவது மார்க் ஷீட்டில் ஒரு எழுத்து இனிஷியல், ஆதாரில் அப்பா பெயர் முழுதாக. டி.சி.யில் அம்மா பெயர் ஒரு மாதிரி, ரேஷன் கார்டில் வேறு மாதிரி. விண்ணப்பம் மார்க் ஷீட்டில் இருப்பது போலவே போக வேண்டும், ஆதாரை அதற்கு ஏற்றபடி முன்பே திருத்த வேண்டும். திருமணமாகாதவர் சான்று இங்கே 60 ரூபாய் கட்டினால் வி.ஏ.ஓ., ஆர்.ஐ. தாண்டித் தாசில்தாரிடம் போகும். கடைசி வாரம் போட்டால் வி.ஏ.ஓ. மேஜையிலேயே நிற்கும். ஒரிஜினல் எல்லாம் கையில் வேண்டும். காலேஜில் கொடுத்து வைத்திருந்தால் இப்போதே கேட்டு வாங்கு. மூன்று வருஷம் படித்த படிப்பை என்ன செய்யப் போகிறாய் என்று நான் கேட்கவில்லை. அரியர் இருந்தால் அதை எழுதி முடிப்பதற்கு அந்த 30 நாள் லீவில் நாள் ஒதுக்க முடியுமா என்று மட்டும் யோசித்துக்கொள்.

புரோக்கரிடம் போகாதே. விண்ணப்பத்துக்கு 250 ரூபாயும் வங்கிக் கட்டணமும்தான், அதைத் தாண்டி ஒரு ரூபாயும் கிடையாது. பத்துப் பையன்களிடம் மார்க் ஷீட்டை வாங்கி வைத்துக்கொள்வார்கள். சொந்தமாக ஓடித் தேறிய இரண்டு பேரைத் தங்களால் தேறினான் என்று சொல்லிப் பணம் பிடுங்குவார்கள். மற்ற எட்டுப் பேர் மார்க் ஷீட்டைத் திரும்ப வாங்க அலைவார்கள்.

இன்னொன்றும் கேட்க வேண்டும். என்னால் நேரில் பேச முடியாது, அதனால் எண்ணாக எழுதுகிறேன். இன்ஷூரன்ஸ் 48 லட்சம், அதற்குச் சம்பளத்தில் பிடித்தம் இல்லை. பணியின் காரணமாக என்றால் மேலும் 44 லட்சம், மீதி இருக்கும் மாதங்களின் சம்பளம், சேவா நிதி. ஊனம் என்றால் மெடிக்கல் போர்டு போடும் 100, 75, 50 சதவீதத்துக்கு 44, 25, 15 லட்சம். பணியின் காரணமாக இல்லை என்று எழுதிவிட்டால் கணக்கு மாறும். அதை எழுதுவது யார் என்று கேள். நாமினி பெயர் ஆதாரில் இருப்பது போல எழுது.

தம்பி, நடுவில் வெளியே வருவதைப் பற்றி ஏன் இவ்வளவு எழுதினேன் என்று நினைப்பாய். அப்பா முட்டி வலியால் 13 வருஷத்தில் வந்தார் என்று உங்கள் இருவருக்கும் சொல்லி வைத்திருக்கிறோம். அது உண்மை இல்லை. உனக்கு ஒன்றரை வயதில் ஜுரம் வந்தபோது, குழந்தை பிழைக்காது போலிருக்கிறது, உடனே வந்துவிடுங்கள் என்று எழுதி 56 ஏ.பி.ஓ. என்ற ராணுவத் தபால் முகவரிக்குப் போட்டேன். எழுதும்போது உனக்கு ஜுரம் விட்டிருந்தது. மடியில் உட்கார்ந்து பேனா மூடியைக் கடித்துக்கொண்டிருந்தாய். எனக்குத் தனியாக இருக்க முடியவில்லை, அவ்வளவுதான். லீவில் வந்தவரைத் திரும்பப் போக விடவில்லை. போனாலும் கடிதத்துக்கு மேல் கடிதம் போட்டேன். கடைசியில் அவரே எழுதிக் கொடுத்துவிட்டு வந்தார். இன்னும் இரண்டு வருஷம் இருந்திருந்தால் 15, பென்ஷன் வந்திருக்கும். சொந்த விருப்பத்தில் வந்ததால் முன்னாள் படைவீரர் அட்டையும் இல்லை. 15 என்ற அந்த எண்ணை நான் அன்று யாரிடமும் கேட்கவில்லை. அவருக்குத் தெரிந்திருக்கும், சொல்லவில்லை. இந்த வயதில் ஏடிஎம் வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருக்கிறார். ஒரு நாள் கூட என்னைச் சொல்லிக் காட்டியதில்லை. கறுப்பு டிரங்குப் பெட்டியைப் போன மாதம் துடைத்தபோது அந்த நீல இன்லண்டு கடிதம் அடியில் அப்படியே இருந்தது.

அதனால் சொல்கிறேன். நான் கூப்பிட்டால் உடனே வந்துவிடாதே. அக்காவுக்குப் போன் பண்ணிக் கேள், டாக்டரிடம் கேள், அப்புறம் லீவு போடு. எழுதிக் கொடுத்துவிட்டு மட்டும் வராதே.

அப்பாவிடம் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. நீதான் சொல்ல வேண்டும். அவர் சந்தோஷப்படுவார் என்றுதான் நினைக்கிறேன்.

ஆதாரில் இருக்கும் என் நம்பரை எடுத்துவிட்டு உன் நம்பரைப் போட்டுக்கொள். ஆதார் மையத்துக்கு நேரில் போய்க் கைரேகை வைத்து மாற்றிக்கொள்ளலாம். அதுவரை ஓடிபி என்னிடம்தான் வரும், கேட்டால் சொல்கிறேன்.

அன்புடன்,
அம்மா