மர்க்ரீட்: பூவா, முத்தா?

அன்பு மகளுக்கு,

பெண் பிறந்தால் மர்க்ரீட் என்று வைக்கலாமா என நீயும் மாப்பிள்ளையும் கேட்டிருந்தீர்கள். அங்கே நெதர்லாந்தில் யாரைக் கேட்டாலும் பூவின் பெயர் என்பார்கள். வெள்ளை இதழ், நடுவில் மஞ்சள், நீளக் காம்பு. தரையோடு ஒட்டிப் பூக்கும் சின்னது வேறு, அது மாடெலீஃப். அதையும் பெண்ணுக்கு வைக்கிறார்கள், குழப்பிக்கொள்ளாதே.

பூவுக்கு முன்னால் இது முத்து. கிரேக்கத்தில் முத்துக்கு மார்கரீத்தேஸ் என்று பெயர். லத்தீனில் மார்கரீத்தாவாகி, அந்தியோக்கியா நகரத்துப் புனிதையின் பெயராக ஐரோப்பா எங்கும் பரவி, டச்சில் மர்க்ரீட் என்று சுருங்கியது. முத்தின் பெயரைப் பூவுக்குச் சூட்டியவர்கள் பிரெஞ்சுக்காரர்கள். பழைய கிரேக்கக் கடல்வழி நூலான பெரிப்ளூஸ், பாண்டியரின் கொற்கையில் கைதிகளை வைத்து முத்துக் குளித்ததைச் சொல்கிறது. அந்த வகையில் நமக்குத் தூரத்து உறவுதான்!

இந்தப் பெயரில் ஓர் இளவரசியும் உண்டு. இரண்டாம் உலகப் போரில் நெதர்லாந்தை ஜெர்மனி பிடித்துவைத்திருந்தபோது டச்சு இளவரசி யூலியானா கனடாவில் அடைக்கலம் புகுந்திருந்தார். 1943 ஜனவரி 19 அன்று ஒட்டாவாவில் மூன்றாவது மகள் பிறந்தாள். அவள் டச்சுக் குடிமகளாக மட்டும் இருக்கவேண்டும் என்பதற்காக, பிரசவ அறை தன் ஆட்சி எல்லைக்குள் இல்லை என்று கனடா அறிவித்தது. நாஜி எதிர்ப்பின் அடையாளமாகச் டச்சுக்காரர்கள் சட்டையில் குத்திக்கொண்ட மர்க்ரீட் பூவின் பெயரையே அவளுக்கு வைத்தார்கள். டச்சு வணிகக் கப்பல் மாலுமிகள் அவளுக்கு ஞானப்பெற்றோர்.

உச்சரிப்பில்தான் நம்மவர் தடுக்குவார்கள். 'மகன்' என்பதில் வரும் 'க'வைத் தொண்டையில் உரசவிடு, அழுத்தம் 'ரீ'யில். 'மார்கரியட்' என்று பிரித்துவிடாதே.

அங்கே பதிவேட்டில் மர்கரேத்தா என்று எழுதிவிட்டு, வீட்டில் மர்க்ரீட், க்ரேட், மர்கா என்று கூப்பிடுவது சாதாரணம். 'க்ரீட்' என்று மட்டும் குறுக்காதே. பேச்சுவழக்கில் அது 'குட்டி' என்று இளம்பெண்ணைச் சொல்லும் சொல். ஒரு தட்டை மீனுக்கும் அதுதான் பெயர்.

பிறந்த 3 நாளுக்குள் பதிய வேண்டும். நீங்கள் குடியிருக்கும் ஊரில் அல்ல, குழந்தை பிறந்த ஊரின் நகராட்சியில். கையெழுத்துக்கு முன் எழுத்துக்கூட்டலை மாப்பிள்ளை ஒருமுறை வாய்விட்டுப் படிக்கட்டும். பின்னால் மனம் மாறி வேறு பெயர் வேண்டுமென்றால் வக்கீல் வைத்து நீதிமன்றம் போகவேண்டும்.

இரண்டாம் பெயராக முத்து என்று சேர்க்க அம்மாவுக்கு ஆசை. சேர்த்தால் 'முத்து முத்து' என்றாகும். எனக்கு ஆட்சேபணை இல்லை.

அன்புடன்,
அப்பா